மக்களை இழந்த மக்கள் கட்சி

1966-ஆம் ஆண்டு பிப்பிரவரி 24-ஆம் நாள் காலையில் கானா நாட்டு வானொலி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குடியரசுத் தலைவர் குவாமே நுக்குருமா ஆட்சியினின்று நீக்கப்பட்டார், நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, ஆளுங்கட்சியாகிய மக்கள் பேரவைக் கட்சியும் கலைக்கப்பட்டது, இனி அக்கட்சியில் உறுப்பினராய் இருத்தலே குற்றம். படைத்தலைவர் ஒருவர் படித்த அந்தச் சிற்றறிவிப்போடு, 15 ஆண்டுகள் ஒரு நாட்டை ஆண்ட கட்சி இல்லாமற் போயிற்று.

தலைவரின் மாளிகையைக் காத்து நின்ற காவற்படையினர் சில மணி நேரம் எதிர்த்துப் போரிட்டனர். அவர்களைத் தவிர, அக்கட்சிக்காக ஒரு கையும் உயரவில்லை. ஊர்தோறும் கிளை வைத்திருந்த கட்சி அது. தொழிலாளர் கழகம், உழவர் கழகம், மகளிர் கழகம், இளைஞர் படை என்று எல்லாவற்றையும் தன்னுள் அடக்கியிருந்த கட்சி அது. இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், நூற்றுக்கு 99 பேருக்கு மேல் தன் பக்கமே என்று கணக்குக் காட்டிய கட்சி அது. அவர்கள் எல்லாரும் அன்று எங்கே போயினர்? பலர் தெருவில்தான் இருந்தனர். ஆனால் ஆடிப் பாடிக்கொண்டு இருந்தனர். அங்காடிப் பெண்கள் ஊர்வலம் போயினர். நாடாளுமன்றத்தின் முன்னர் நின்ற நுக்குருமாவின் சிலை வீழ்த்தப்பட்டது.

விடுதலை விரும்பும் எவருக்கும் நெஞ்சை வருத்தும் காட்சி இது. ஏனெனில், வீழ்ந்தவர் கயவர் அல்லர். ஆப்பிரிக்க விடுதலையின் விடிவெள்ளியெனப் போற்றப்பட்டவர். வீழ்ந்த கட்சியும் அயலார் அமர்த்திய கைப்பாவைக் கட்சி அன்று. மக்களே கட்டிய கட்சி. மக்கள் கட்டியதை மக்களே ஏன் கைவிட்டனர் என்பதைக் கண்டறிதல் வேண்டும். அதனை ஆராயாமல் நுக்குருமாவைப் புகழ்வதிலும் பயனில்லை, பழிப்பதிலும் பயனில்லை.

எழுச்சி

அந்நாளில் கானாவின் பெயர் பொற்கரை. பொன்னும் கொக்கோவும் விளைந்த அம்மண் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1947 ஆகத்துத் திங்களில் வழக்கறிஞர்களும் வணிகர்களுமாகிய சிலர் ஒன்றிணைந்த பொற்கரைப் பேரவை என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்களுள் தலையாயவர் அறிஞர் தாங்குவா. அவ்வமைப்பிற்கு முழுநேரச் செயலாளர் ஒருவர் தேவைப்பட்டார். அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்துக்கொண்டும் உழைத்துக்கொண்டும் இருந்த நுக்குருமாவின் பெயரை எடுத்துக் கூறியவர் ஆக்கோ அட்சேய் என்பவர். அவ்வாண்டு இறுதியில் நுக்குருமா தாய்நாடு திரும்பினார். இப்பெயர்கள் இரண்டையும் படிப்போர் நினைவில் இருத்திக் கொள்க. பின்னர் மீண்டும் வரும்.

1948 பிப்பிரவரி 28-ஆம் நாள், இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர்க்காகப் போரிட்டுத் திரும்பிய மறவர்கள், தமக்குரிய ஓய்வுத்தொகையைக் கேட்டு ஆளுநரின் கோட்டை நோக்கி அக்கிரா நகரில் ஊர்வலமாகச் சென்றனர். அவர்கள் கையில் படைக்கலம் இல்லை, விண்ணப்பமே இருந்தது. காவல்துறையினர் சுட்டதில் மூவர் மாண்டனர். நகரம் தீப்பற்றி எரிந்தது. அடுத்த சில நாள்களில் 29 பேர் உயிரிழந்தனர். பேரவைத் தலைவர்கள் அறுவர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவர்களுள் தாங்குவாவும் ஒருவர், ஆக்கோ அட்சேயும் ஒருவர், நுக்குருமாவும் ஒருவர்.

சிறையிலிருந்து மீண்டபின் தலைவர்களிடையே பிளவு தோன்றிற்று. மூத்தவர்கள் தன்னாட்சியைப் படிப்படியாகப் பெறலாம் என்றனர். நுக்குருமா இன்றே வேண்டும் என்றார். 1949 சூன் 12-ஆம் நாள் அக்கிராவில் பல்லாயிரவர் கூடிய திடலில் மக்கள் பேரவைக் கட்சி பிறந்தது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர், எழுத்தர், ஓட்டுநர், அங்காடிப் பெண்கள், இருப்புவழித் தொழிலாளர் ஆகியோரே அதன் உடலும் உயிருமாக விளங்கினர். செல்வர் வீட்டுத் தாழ்வாரங்களில் படுத்துறங்கும் வீடற்ற பையன்கள் என்று படித்தவர்கள் அவர்களை எள்ளினர். அவ்வெள்ளற் பெயரையே அவர்கள் தங்கள் பெருமைப் பெயராக ஏந்திக் கொண்டனர். தாழ்வாரத்தில் கிடந்தவன் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று முதன்முதலாக அவனுக்குச் சொன்ன கட்சி அதுவே. அக்கட்சியின் முழு வலிமையும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருந்தது.

1950 சனவரியில் கட்சி வன்முறையற்ற ஒத்துழையாமைப் போரைத் தொடங்கிற்று. தக்கொராடித் துறைமுகத்திலும் இருப்புவழியிலும் வேலை நின்றது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, நுக்குருமாவையும் பிறரையும் சிறையில் அடைத்தது. முன்னரே சிறை சென்று மீண்டிருந்த கொம்லா பெதெமா வெளியில் கட்சியைக் கட்டிக் காத்தார். 1951 பிப்பிரவரித் தேர்தலில், மக்கள் நேராகவும் தேர்வாளர் வழியாகவும் தேர்ந்த 38 இடங்களுள் 34 இடங்களை அக்கட்சி வென்றது. சிறையில் இருந்தபடியே அக்கிராத் தொகுதியில் நின்ற நுக்குருமாவிற்கு 23,122 வாக்குகளில் 22,780 வாக்குகள் கிடைத்தன. ஆளுநர் ஆர்தென் கிளார்க்கு சிறைக் கதவைத் திறந்து, சிறைக்கைதியை ஆட்சியமைக்க அழைத்தார். மறு ஆண்டில் அவர் தலைமை அமைச்சரானார். 1954-இலும் 1956-இலும் நடந்த தேர்தல்களில் 104 இடங்களுள் எழுபதுக்கு மேற்பட்டவற்றைக் கட்சி வென்றது. 1957 மார்ச்சு 6-ஆம் நாள் பொற்கரை, கானா என்னும் பெயரோடு விடுதலை பெற்றது. அப்பெயரை முன்மொழிந்து பரப்பிய அறிஞர்களுள் முதன்மையானவர் தாங்குவாவே.

அக்கட்சி நாட்டிற்குச் செய்த நன்மைகளை மறைத்தல் நன்றி கொன்ற செயலாகும். 1952-இலேயே தொடக்கக் கல்விக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. குமாசியிலும் கேப்புக் கோசுட்டிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. தேமாவில் புதிய துறைமுகம் அமைந்தது. வோல்ட்டா ஆற்றின் குறுக்கே அக்கொசொம்போவில் எழுந்த பேரணை இன்றும் அந்நாட்டிற்கு மின்னாற்றல் தருகின்றது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் விடுதலை மறவர்க்கு அக்கிரா புகலிடமாக இருந்தது. இவையெல்லாம் உண்மை. எனவேதான் அதன் வீழ்ச்சி ஆராயத்தக்கதாகின்றது. தீமையே செய்த கட்சி வீழ்ந்தால் அதில் கற்பதற்கு ஒன்றுமில்லை.

அயலார் சூழ்ச்சியா?

நுக்குருமா வீழ்ந்ததற்கு அமெரிக்க, ஆங்கிலேய வல்லாண்மைகளின் சூழ்ச்சியே கரணியம் என்பார் உளர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் வீழ்வதை அவ்வல்லாண்மைகள் விரும்பின. கானாவில் படையினரும் காவல்துறையினரும் சிலர் சூழ்ச்சி செய்துகொண்டிருந்தனர் என்பது அமெரிக்க அரசிற்கு முன்னரே தெரிந்திருந்ததைப் பின்னாளில் வெளியான அதன் ஆவணங்களே காட்டுகின்றன. நாட்டின் செல்வமெல்லாம் கொக்கோ என்னும் ஒரே பயிரைச் சார்ந்திருந்தது. 1965-இல் உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தபொழுது நாடே சரிந்தது. விடுதலையின்போது ஏறத்தாழ 20 கோடிப் பவுனாக இருந்த அயல்நாட்டு இருப்பு கரைந்து, கடன் மலைபோல் குவிந்தது. கடைகளில் இன்றியமையாப் பொருள்களும் கிடைக்கவில்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சூழ்ச்சி என்பது கதவைத் தள்ளும் கை. கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தால் தள்ளும் கை சலிக்கும். 1950-இல் ஆங்கிலேயப் பேரரசே தன் முழு அதிகாரத்தோடும் அக்கட்சியின் தலைவர்களைச் சிறையிட்டது. கட்சி ஏறத்தாழ ஓராண்டில் பன்மடங்கு பெருகி ஆட்சியையே பிடித்தது. 1966-இல் சில நூறு படைஞரும் ஒரு வானொலி நிலையமும் போதுமானவையாக இருந்தன. அன்று வெளியாரின் பகை இதனினும் பெரிது; ஆயினும் கட்சி வாழ்ந்தது. இன்று சிறிது, ஆயினும் கட்சி மாண்டது. இவ்விரண்டிற்கும் இடையில் கட்சிக்குள்ளேயே ஏதோ ஒன்று செத்துப் போயிருக்க வேண்டும். அஃது என்ன?

முதலில் அடைபட்ட வாய்

1954 ஆகத்தில், தேர்தலில் வென்ற சூட்டோடு, அரசு கொக்கோவின் கொள்முதல் விலையை 60 இராத்தல் சுமைக்கு 72 சில்லிங்கு என்று நிலைநிறுத்திற்று. உலகச் சந்தை விலையோ அதனினும் மிக உயர்ந்து நின்றது. எஞ்சிய பணம் நாட்டின் வளர்ச்சிக்கு என்றனர். திட்டம் தவறன்று என்றே கொள்வோம். ஆனால், வெயிலிலும் மழையிலும் உழைத்த உழவனை எவரும் கேட்கவில்லை. கொக்கோ உழவர்களுக்குக் கடன் வழங்குவதற்கென்று அமைத்த கொள்முதல் குழுமத்தின் பணம், கட்சிக்காரர்க்கு நன்மை தரும் வகையில் கையாளப்பட்டதை அரசே அமர்த்திய ஆய்வுக்குழு 1956-இல் வெளிப்படுத்திற்று. கொக்கோ விளையும் அசாந்திப் பகுதியில், குமாசி நகரில், நாட்டு விடுதலை இயக்கம் என்னும் எதிர்ப்பியக்கம் எழுந்தது.

அவ்வியக்கத்தாரும் தூயோர் அல்லர். இரு பக்கத்தாரும் கத்தியையும் வெடிகுண்டையும் கையாண்டனர். 1955-இல் நுக்குருமாவின் வீட்டிலேயே குண்டு வெடித்தது. பழங்குடித் தலைமைகளைக் கருவியாக்கி நாட்டைக் கூறுபோட முயன்றனர் என்று ஆளுங்கட்சி அவர்கள்மேல் கூறிய குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. எனினும், அவர்கள் குரலின் அடியில் உழவனின் நேரிய குறையொன்று இருந்தது. கட்சி அக்குறையைக் கேளாமல், குரலை மட்டும் கேட்டது. அதனை அடக்க முற்பட்டது.

1957 இறுதியில் வட்டார, இன, சமய அடிப்படையிலான கட்சிகள் தடை செய்யப்பட்டன. எதிர்ப்பாளர்கள் பேராசிரியர் புசியாவின் தலைமையில் ஒரே கட்சியாகத் திரண்டனர். 1958-இல் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. வழக்கும் இல்லாமல், ஆய்வும் இல்லாமல், எவரையும் ஐந்தாண்டு வரையில் சிறையில் வைக்கலாம் என்றது அச்சட்டம். ஆங்கிலேயர் ஆட்சியில் சிறைக்கொடுமையைத் தம் உடலில் பட்டறிந்தவர்களே அச்சட்டத்திற்குக் கை தூக்கினர் என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது. நூற்றுக்கணக்கானோர் அடைபட்டனர். சிறைப்பட்ட அசாந்தித் தலைவர் ஒருவர்க்காகத் தாங்குவா உச்சமன்றத்தில் வாதாடினார். 1961-இல் மன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. அவ்வாண்டே தாங்குவாவும் அதே சட்டத்தின்கீழ்ச் சிறை புகுந்தார்.

ஒரு நாட்டைப் பகைவர் சூழ்ந்திருக்கும்போது, அதைக் காக்கக் கடுமையான சட்டங்கள் வேண்டாவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய வினாவே அது. 1961 சனவரியில் கொங்கோவின் தலைவர் உலுமும்பா கொல்லப்பட்டார். 1962 ஆகத்தில் குலுங்குகு என்னும் சிற்றூரில் நுக்குருமாவின்மேல் குண்டு வீசப்பட்டது. 1964 சனவரியில் அவர் மாளிகையிலேயே காவலன் ஒருவன் அவரைச் சுட முயன்றான். இவை கற்பனை அச்சங்கள் அல்ல. ஆயினும், குற்றவாளியைத் தண்டிக்கும் சட்டம் வேறு. ஐயத்திற்குரியவனைத் தண்டிக்கும் சட்டம் வேறு. முன்னது அரசைக் காக்கும். பின்னது அரசனின் அச்சத்தை வளர்க்கும். அச்சம் வளர வளர ஐயம் பெருகும். ஐயம் பகைவனோடு நில்லாமல் நண்பனையும் தொட்டே தீரும்.

இரண்டாவதாக அடைபட்ட வாய்

1961 சூலையில் வந்த வரவு செலவுத் திட்டம் தொழிலாளரின் வரும்படியில் 5 விழுக்காட்டைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்தம் செய்தது. செப்தம்பரில் செக்கொண்டி–தக்கொராடியின் இருப்புவழித் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டு கிழமைக்கு மேல் அவர்கள் நின்றனர். அங்காடிப் பெண்கள் அவர்களுக்கு உணவு கொடுத்துத் தாங்கினர். இத்தொழிலாளர் யார்? 1950-இல் கட்சியின் ஒத்துழையாமைப் போருக்குத் தோள் கொடுத்தவர்கள்! இந்த அங்காடிப் பெண்கள் யார்? கட்சி பிறந்த நாளிலிருந்து அதற்குத் தங்கள் சிறுவாட்டுப் பணத்தைத் தந்து வளர்த்தவர்கள்!

கட்சி அவர்களுக்கு என்ன விடை தந்தது? வேலைநிறுத்தம் செய்த தலைவர்களை அதே தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் அடைத்தது. தொழிலாளர் கழகமோ அதற்கு முன்னரே கட்சியின் ஓர் உறுப்பாக ஆக்கப்பட்டிருந்தது. உழவர் கழகம் 1961 முதல் கொக்கோவை வாங்கும் ஒரே அமைப்பாக ஆக்கப்பட்டது. உழவனின் குறையை எடுத்துச் சொல்ல வேண்டிய கழகமே அவனிடம் எடை போட்டு வாங்கும் கழகமாயிற்று. வழக்குரைப்பவனும் எதிர்வழக்காடுபவனும் தீர்ப்புக் கூறுபவனும் ஒருவனே என்றால் ஏழை எங்குச் சென்று முறையிடுவான்?

கட்சி எல்லா அமைப்புகளையும் விழுங்கியபோது தான் பெருத்துவிட்டதாக எண்ணிற்று. உண்மையில் அது தன் காதுகளை ஒவ்வொன்றாக அறுத்துக் கொண்டிருந்தது.

மொழியிடத்தும் இந்நிலை புலப்பட்டது. பல மொழிகள் வழங்கும் அந்நாட்டில், எம்மொழியை ஆட்சிமொழியாக்கினும் பிறர் வருந்துவர் என்னும் இடர்ப்பாடு உண்மையே. ஆயினும், ஆங்கிலேயன் போனபின்னும் ஆங்கிலமே ஆட்சிமொழியாக நீடித்தது, இன்றும் நீடிக்கின்றது. எழுதப் படிக்கத் தெரியாத பெருந்திரளின் தோளில் ஏறி வந்த கட்சி, அத்திரளுக்குப் புரியாத மொழியில் சட்டமியற்றிற்று, கணக்குக் காட்டிற்று. தாழ்வாரத்துப் பிள்ளைக்கும் அவன் அமர்த்திய அமைச்சர்க்கும் இடையில் மதிற்சுவர் எழுந்ததற்கு இதுவும் ஒரு கரணியம் என்றே நாம் கருதுகின்றோம்.

அம்மதிலுக்கு அப்பால் அமைச்சர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? 1961 ஏப்பிரல் 8-ஆம் நாள் விடியற்காலையில் நுக்குருமாவே வானொலியில் பேசினார். கட்சிக்காரர் பலர் செல்வம் சேர்ப்பதையும், ஆட்சிப் பொறுப்பை வணிகத்திற்குப் பயன்படுத்துவதையும் அவரே கடிந்துரைத்தார். அவர் நோயைச் சரியாகவே கண்டார். ஆனால் மறு ஆண்டே, ஓர் அமைச்சரின் துணைவியார் இலண்டனில் பொன்முலாம் பூசிய கட்டிலொன்றை வாங்கிய செய்தி உலக இதழ்களில் சிரிப்பாய்ச் சிரித்தது. எதிர்க்கட்சியும் செய்தித்தாளும் முறைமன்றமும் தொழிற்கழகமும் வாயடைக்கப்பட்ட நாட்டில், தலைவர் ஒருவரின் விடியற்காலைப் பேச்சால் ஊழலை ஒழிக்க இயலுமா? ஊழலைக் காண்பதற்கு நாடு முழுவதும் கண்கள் வேண்டும். கண்களைப் பிடுங்கிய பின்னர் அறிவுரை கூறி என்ன பயன்?

மூன்றாவதாகத் தன் வாய்

அயலார் வாயை அடைத்த கட்சி, முடிவில் தன் வாயையும் அடைத்துக் கொண்டது. 1961 செப்தம்பரில், தலைவர் சிறையில் இருந்தபோது கட்சியைக் காத்த பெதெமா அமைச்சரவையினின்று வெளியேற்றப்பட்டார். பின்னர் நாட்டை விட்டே ஓடினார். குலுங்குகுக் குண்டுவீச்சிற்குப் பின்னர் அமைச்சர்கள் இருவரும் கட்சிச் செயலாளர் ஒருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர், நுக்குருமாவைத் தாய்நாட்டிற்கு அழைக்கப் பெயர் சொன்ன அதே ஆக்கோ அட்சேய்!

1963 திசம்பரில் தலைமை நடுவர் ஆர்க்கு கோர்சாவின் மன்றம் அம்மூவரையும் குற்றமற்றோர் என விடுவித்தது. நுக்குருமா தலைமை நடுவரையே பொறுப்பினின்று நீக்கினார். மறுவழக்கில் மூவருக்கும் சாவுத்தண்டனை கூறப்பட்டது. பின்னர் அது சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. நடுவரை நீக்கித் தீர்ப்பை மாற்றிய நாளிலேயே அரசின் அறம் வீழ்ந்தது. படை வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

1964 சனவரியில் ஒரே கட்சி ஆட்சிக்கு மக்கள் ஒப்புதல் கேட்கப்பட்டது. ஆம் என்றவை 27,73,920. அன்று என்றவை 2,452. இவ்வெண்களைச் சற்று நோக்குக. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1960-இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் நுக்குருமா பெற்றவை ஏறத்தாழ 10 இலக்கம். எதிர்த்து நின்ற தாங்குவா பெற்றவை ஏறத்தாழ ஓர் இலக்கத்து 24 ஆயிரம். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அந்நாளில் 70 இலக்கத்தை ஒட்டியது. தொழிலாளர் கொதித்த பின்னர், உழவர் வருந்திய பின்னர், ஆதரவு இரு மடங்கிற்கு மேல் ஏறிற்றாம். எதிர்ப்பு மறைந்தே போயிற்றாம்! பொய்க்கணக்கால் எதிரிக்குக் கேடு சிறிது, எழுதியவனுக்கே பெருங்கேடு. ஏனெனில் உண்மைக் கணக்கை அறியும் வாய்ப்பை அவனே அழித்துக் கொள்கின்றான். 1965 சூனில் நடக்கவிருந்த பொதுத்தேர்தலில் வாக்குப்பதிவே இல்லை. 198 இடங்களுக்கும் கட்சி நிறுத்தியவர்கள் போட்டியின்றித் தேர்ந்தனர் என அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டு பிப்பிரவரி 4-ஆம் நாள் தாங்குவா என்சவாம் சிறையில் இறந்தார். அவர் கொள்கையில் நாம் உடன்படாதிருக்கலாம். அவர் மூத்தோர் பக்கம் நின்றவர். தாழ்வாரத்துப் பிள்ளைகளின் துடிப்பை உணராதவர். ஆயினும் நாட்டிற்குப் பெயர் தந்த முதியவர், அந்நாடு விடுதலை பெற்ற எட்டாம் ஆண்டில், வழக்காய்வின்றி, அந்நாட்டுச் சிறையிலேயே மாண்டார் என்பதை எந்தக் கொள்கையால் கழுவ இயலும்?

இதற்கிடையில் தலைவர்க்கு ஒசாச்செபோ என்று பட்டம். மீட்பர் என்பது அதன் பொருள். நாணயத்தில் அவர் முகம். இளைஞர் படைக்கு அவரைப் போற்றும் பயிற்சி. வின்னெபாவில் அவர் பெயரால் கொள்கைக் கல்லூரி. புகழ்ந்தவர் உயர்ந்தனர்; உண்மை சொன்னவர் ஒழிந்தனர். எனவே, இறுதி ஆண்டுகளில் தலைவரைச் சூழ்ந்து நின்றவர்கள் அவர் கேட்க விரும்பியதை மட்டும் சொல்லக் கற்றவர்கள். அவர்களுள் எவர் அவருக்காக உயிர் கொடுப்பர்?

விடை

1966 சனவரியில் அக்கொசொம்போ அணையை நுக்குருமா திறந்து வைத்தார். அடுத்த திங்களில் வியத்துநாம் போரை நிறுத்தும் முயற்சியாக அனோய் நோக்கிப் புறப்பட்டவர், வழியில் பெய்சிங்கில் இருந்தபொழுது செய்தி வந்தது. கொட்டோக்கா, அபிரிபா என்னும் படைத்தலைவர்களும் காவல்துறைத் தலைவர் ஆர்லியும் ஆட்சியைப் பிடித்துவிட்டனர். கினி நாட்டுத் தலைவர் செக்கு தூரே அவரை அன்போடு வரவேற்றுத் தம்மோடு இணைத் தலைவராக்கினார். 1972 ஏப்பிரல் 27-ஆம் நாள் உருமேனியத் தலைநகரில் நோயுற்று இறக்கும் வரையில் அவர் தம் நாட்டு மண்ணை மீண்டும் மிதிக்கவில்லை.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கட்சியினர் எங்கே போயினர்? அவர்கள் எங்கும் போகவில்லை. 1966-இல் கட்சி என்று ஒன்று இருந்தால் அல்லவா அதன் உறுப்பினர் எழுவர்? அரசு அலுவலகத்தின் மற்றொரு பெயராகவே கட்சி ஆகிவிட்டிருந்தது. உறுப்பினர் அட்டை என்பது வேலைக்கும் இறக்குமதி உரிமத்திற்கும் நுழைவுச் சீட்டாகிவிட்டது. அலுவலகத்தைக் கைப்பற்றியவன் கட்சியையும் கைப்பற்றிவிட்டான். அரசோடு கரைந்த கட்சிக்கு அரசு போனபின் உடல் இல்லை. 1950-இல் அரசு அதற்குப் பகையாக இருந்தது. ஆகவே அதன் வேர் மக்களிடத்தில் இருந்தது. 1966-இல் அரசே அதன் வேராக இருந்தது. வேரைப் பிடுங்கினர், மரம் சாய்ந்தது. இஃதொன்றே விடை.

வென்றவர்கள் மட்டும் நாட்டை வாழ வைத்தனரோ எனின், அதுவும் இல்லை. வழக்காய்வற்ற சிறையை எதிர்ப்பதாகச் சொல்லி வந்த படைஞர், தாமும் காவல் ஆணை பிறப்பித்து, வீழ்ந்த கட்சியின் அமைச்சர்களையும் அலுவலர்களையும் வழக்காய்வின்றி அடைத்தனர். வாளைச் செய்தவனுக்கு அவ்வாள் என்றும் தன் கையிலேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்னும் உண்மையை அவ்வமைச்சர்கள் அன்று உணர்ந்திருப்பர். 1969-இல் மக்கள் தேர்ந்த புசியாவின் ஆட்சி 1972-இல் படையால் கவிழ்ந்தது. 1979-இல் நுக்குருமாவின் வழிவந்தோர் மக்கள் தேர்ந்து ஆட்சிக்கு வந்தனர். இரண்டே ஆண்டில், 1981 இறுதி நாளில், இராலிங்சு என்னும் படையலுவலர் அவ்வாட்சியையும் கவிழ்த்தார். குடியாட்சி முறை 1992-க்குப் பின்னரே அங்கு நிலைபெற்றது. ஒரு கட்சி அடைத்த வாயை ஒரு நாடு மீண்டும் திறப்பதற்கு ஒரு தலைமுறையே கழிந்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. நுக்குருமாவை அம்மக்கள் மன்னித்துவிட்டனர். விடுதலையை அறிவித்த திடலருகே 1992-இல் அவர்க்கு நினைவகம் எழுந்தது. அவர் பிறந்த செப்தம்பர் 21 நாட்டு நினைவுநாளாகப் போற்றப்படுகின்றது. 1966-இல் வீழ்த்தப்பட்ட பழைய சிலையும் தலை வேறு உடல் வேறாக அந்நினைவகத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. ஆனால் கட்சியை மட்டும் அவர்கள் மீண்டும் ஏற்கவில்லை. 1996-இல் பழைய பெயரோடு உயிர்ப்பிக்கப்பட்ட அக்கட்சி, 2016-இலும் 2020-இலும் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல்களில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கனவு கண்ட தலைவனின் பிழையை மக்கள் பொறுப்பர். தங்கள் குரலாகப் பிறந்து, தங்கள் குரல்வளையையே நெரித்த கட்சியை அவர்கள் பொறுப்பதில்லை.

எனவே, விடுதலைக்குப் போராடும் இயக்கம் எதுவாயினும், எந்நாட்டினதாயினும், அது தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள. நம்மை எதிர்த்துப் பேசுவோன் நம் கூட்டத்தில் அச்சமின்றி நிற்க முடிகின்றதா? தலைவர் தவறினால் எடுத்துச் சொல்வார் உளரா? சொன்னவர் மறுநாளும் நம்மோடு இருக்கின்றாரா? நாளை ஆட்சி நம் கைக்கு வந்தால், இன்று நாம் எந்தச் சட்டத்தைக் கொடுமை என்கின்றோமோ அதனை நாமே எழுத மாட்டோம் என்னும் உறுதி நம்மிடம் உண்டா? பகைவனை அடக்குவதற்கு என்று சொல்லித்தான் அச்சட்டம் வரும். அன்று கை தூக்கும் முன்னர், என்சவாம் சிறையில் மாண்ட முதியவரையும், பெய்சிங்கில் செய்தி கேட்டுத் திகைத்து நின்ற தலைவரையும் ஒருசேர நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவரைச் சிறைப்படுத்திய சட்டமே மற்றவரையும் தனிமைப்படுத்திற்று.

மக்களை வென்றெடுத்தல் அரிது; அவர்களை இழத்தல் எளிது; இழந்ததை அறிதல் அதனினும் அரிது. கானாவின் மக்கள் கட்சி தன் இழப்பை அறிந்தபொழுது, அதனைச் சொல்வதற்கு வானொலியும் அதன் கையில் இல்லை.